இன்னொரு கடையும் இருக்க வேண்டும்

(நியூ ஜெர்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியமும் கல்வெட்டும் பேசக் கேட்ட அவை இது. நான் வன்பொருள் பொறியாளன். முப்பது ஆண்டுகளாகக் கணினி வாங்குவதும், பிறருக்கு வாங்கிக் கொடுப்பதும், எதை வாங்கலாம் என்று அலுவலகங்களுக்குச் சொல்வதுமே என் தொழில். அதில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். செயலி என்ற நல்ல சொல் இப்போது கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்புக்குப் போய்விட்டது. குழப்பம் வேண்டாம் என்று பேச்சு முழுவதும் பிராசசர், சிப் என்றே சொல்கிறேன்.

இந்த மேசையில் ஒரு பழைய மதர்போர்டு இருக்கிறது. நடுவில் வெள்ளைச் சதுரமாகத் தெரிவதற்குச் சாக்கெட் 7 என்று பெயர். 321 துளைகள். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கினால் துளைகள் தளரும். சிப்பை வைத்து, நெம்புகோலை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் மூன்று சிப்புகள். ஒன்று இன்டெலின் பென்டியம், ஒன்று ஏஎம்டியின் கே6, ஒன்று சைரிக்ஸின் 6எக்ஸ்86. மூன்றும் மூன்று கம்பெனி, மூன்றும் வேறு வேறு மூளை. ஆனால் மூன்றும் இந்த ஒரே குழியில் உட்காரும், மூன்றிலும் ஒரே விண்டோஸ் ஓடும். ஜம்பர் என்னும் சின்னக் கொக்கிகளை மாற்றி மின்னழுத்தத்தையும் வேகத்தையும் சரியாக வைத்தால் போதும். 1990களின் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் வாங்குகிறவன் கையில் இருந்த அதிகாரம் இதுதான். அது நீடிக்கவில்லை.

இந்தக் கதை நாம் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. எடிசனிலிருந்து காரில் அரைமணி நேரத் தொலைவில் மர்ரே ஹில். அங்கே பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்ததைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதற்குப் பின் நடந்தது என் கண்ணுக்கு அதைவிடப் பெரிது. 1952இல் பெல் அந்த நுட்பத்தை உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிற கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. முன்பணம் 25,000 டாலர். தாராள மனம் மட்டும் அதற்குக் காரணமல்ல. தாய்க் கம்பெனியான ஏடி அண்ட் டி மீது அரசு 1949இல் தொடுத்த ஏகபோக வழக்கு தலைக்கு மேல் இருந்தது. 1956இல் வழக்கு முடிந்தபோது, அதுவரையிலான காப்புரிமைகளைக் கட்டணமின்றித் திறந்துவிட அது ஒப்புக்கொண்டது.

அந்த 25,000 டாலரைக் கட்டியவர்களில் ஒரு கம்பெனி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1958இல் அங்கேதான் ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார். பெல்லிலிருந்து புறப்பட்ட வில்லியம் ஷாக்லி கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் கடை விரித்தார். அவரோடு ஒத்துப்போகாத எட்டுப் பேர் 1957இல் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் இன்டெலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், அதே ஃபேர்சைல்டிலிருந்து ஜெர்ரி சாண்டர்ஸும் கூட்டாளிகளும் வந்து ஏஎம்டியைத் தொடங்கினார்கள். இன்று சண்டை போடுகிற இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டின் பூர்விகம் நியூ ஜெர்சி.

அந்தக் காலத்துச் சிப் தொழிலில் செகண்ட் சோர்ஸ் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கம்பெனி ஒரு சிப்பை வடிவமைத்தால், அதே சிப்பை இன்னொரு கம்பெனியும் செய்து விற்கச் சம்மதிக்கும். வாங்குகிறவர் அப்படித்தான் கேட்பார். உன் தொழிற்சாலையில் தீப்பிடித்தால், வேலைநிறுத்தம் வந்தால், நீ விலையை ஏற்றினால் நான் யாரிடம் போவேன் என்பது அவர் கேள்வி. ஏஎம்டி தன் முதல் பத்தாண்டுகளில் பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டாவது கடையாகத்தான் பிழைத்தது.

எனக்கு இது புரியப் பொறியியல் தேவைப்படவில்லை. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் உரக்கடை இரண்டு இருந்தன. பெரிய கடையில் எல்லாம் கிடைக்கும், கடனும் கொடுப்பார்கள். பஜார் கடைசியில் இருந்த சின்னக் கடையில் சரக்கு குறைவு. என் அப்பா ஒவ்வொரு பூ சாகுபடிக்கும் இரண்டு மூட்டையாவது அந்தச் சின்னக் கடையில் வாங்குவார். அவ்வளவு தூரம் ஏன் போகணும் என்று அம்மா கேட்டால், "அவன் கடையும் இருக்கணும்லா" என்பார். சின்னக் கடை மூடிவிட்டால் அடுத்த வாரமே பெரிய கடையில் விலை எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். அவர் பார்த்தது விவசாயியின் கணக்கு.

அதே கணக்கைத்தான் ஐபிஎம் போட்டது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசிக்குள் இன்டெலின் 8088. ஒரே ஒருவரை நம்பி இறங்க மாட்டோம், இரண்டாவதாக ஒரு கம்பெனியும் இதைச் செய்ய வேண்டும் என்பது ஐபிஎம்மின் நிபந்தனை. 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் பத்தாண்டுத் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. இன்றுவரை உங்கள் வீட்டுக் கணினிக்கு இரண்டு கடை இருக்கிறதென்றால் அதன் வேர் அந்த நிபந்தனையில் இருக்கிறது.

ஒப்பந்தம் முழுசாக நிலைக்கவில்லை. 1985இல் 386 சிப் வந்தபோது, இதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று இன்டெல் முடிவெடுத்தது. வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்களா? டெக்சாஸின் ஹூஸ்டனில் இருந்த காம்பாக், ஐபிஎம்முக்கு முன்பே 1986இல் 386 கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரே கடைதான் என்றாலும் சரக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. சந்தை அதை ஏற்றுக்கொண்டது. இன்டெலை நான் இதில் திட்ட மாட்டேன். பெரும் பணம் போட்டு உருவாக்கிய ஒன்றைத் தானே வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. ஆனால் ஏஎம்டிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது? 1987இல் விவகாரம் நடுவரிடம் போனது. ஐந்து ஆண்டு. 1992இல் நடுவர் ஏஎம்டிக்குச் சாதகமாகச் சொன்னார். மேல்முறையீடு. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994 டிசம்பர் 30ஆம் தேதி அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இதற்கிடையில் ஏஎம்டி காத்திருக்கவில்லை. தானே உழைத்து 1991 மார்ச்சில் தன் 386ஐக் கொண்டுவந்தது. இன்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்சில் ஓடியது, ஏஎம்டியுடையது 40இல் ஓடியது. 386 என்ற எண்ணைத் தன் வணிகச் சின்னம் என்று சொந்தம் கொண்டாட இன்டெல் நீதிமன்றம் போய்த் தோற்றது. எண் யாருக்கும் சொந்தமல்ல என்று ஆனதால்தான் 1993இல் வந்த அடுத்த தலைமுறைக்கு 586 என்று வைக்காமல் பென்டியம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒத்தியங்கும் சிப் என்றதும் அது நகல், டூப்ளிகேட் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒத்திருப்பது கட்டளைகளின் அகராதி மட்டும்தான். கூட்டு, பெருக்கு, இங்கிருந்து எடு, அங்கே வை என்ற சொற்கள் ஒன்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒவ்வொருவர் சொந்த உழைப்பு. நெக்ஸ்ஜென் என்ற கம்பெனி கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் இருந்தது. அதை நிறுவியவரின் பெயர் தம்பி தாமஸ். அவர்கள் சிப் பழைய கட்டளைகளை உள்வாங்கி, அவற்றைத் தனக்கே உரிய சின்னச் சின்ன எளிய கட்டளைகளாக உடைத்து வேலை செய்தது. பின்னால் எல்லாருமே அந்த வழிக்கு வந்தார்கள். இன்டெலில் பென்டியம் குழுவை நடத்திய வினோத் தாம் 1995இல் இந்த நெக்ஸ்ஜெனுக்குப் போனார். நெக்ஸ்ஜெனை ஏஎம்டி வாங்கியது. 1997இல் வந்த கே6, இதோ இந்தச் சிப், அந்த நெக்ஸ்ஜென் வேலையிலிருந்து பிறந்ததுதான். பென்டியத்தின் தந்தை என்று புகழப்பட்டவரே பென்டியத்தின் போட்டியாளனையும் வளர்த்திருக்கிறார்.

ஒவ்வொரு சிப்பும் தன் பெயரைப் பன்னிரண்டு எழுத்தில் உள்ளே எழுதி வைத்திருக்கும். மென்பொருள் கேட்டால் சொல்லும். இன்டெல் சிப் "ஜெனியூன் இன்டெல்" என்று சொல்லும். ஏஎம்டி "ஆதென்டிக் ஏஎம்டி" என்று சொல்லும். டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் 1988இல் தொடங்கிய சைரிக்ஸின் சிப் சொல்வது "சைரிக்ஸ் இன்ஸ்டெட்". அதாவது, அதற்குப் பதிலாகச் சைரிக்ஸ். ஒரு சின்னக் கம்பெனி தன் இருப்பின் அர்த்தத்தையே சிப்புக்குள் பொறித்து வைத்ததை முதல்முறை திரையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தப் பெயருக்கு ஒரு கெட்ட பயனும் வந்தது. இன்டெல் தந்த கம்பைலர் என்னும் மொழிமாற்று மென்பொருள், பெயரைப் பார்த்து, இன்டெல் அல்லாத சிப்புக்கு மெதுவான பாதையைக் கொடுத்ததாகப் புகார் எழுந்தது. 2010இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் செய்த சமரசத்தில், தன் கம்பைலர் பிற சிப்புகளை வேறு விதமாக நடத்தலாம் என்று வெளிப்படையாக எழுதிவைக்க இன்டெல் ஒப்புக்கொண்டது.

இனி என் கதை ஒன்று. 1996இல் நான் இந்த மாநிலத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. எடிசனில் நான்கு பேர் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். வார இறுதியில் கண்காட்சிக் கூடங்களில் கணினிச் சந்தை போடுவார்கள். நீளமான மேசைகள், பாகங்கள், ரொக்கம் மட்டும், கையால் எழுதின ரசீது. ஒரு மேசையில் பென்டியம் 166 என்று ஒட்டிய சிப்பும் மதர்போர்டும் சேர்த்து வாங்கினேன். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் பாதி அதற்குப் போனது. குளிர்காலத்தில் ஓடியது. ஜூன் பிறந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. மெமரியை மாற்றினேன், ஹார்டு டிஸ்கை மாற்றினேன், விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவினேன். ஒரு மாதம் தூக்கமில்லை. கடைசியில் சிப்பின் மேல் பசை போட்டு ஒட்டியிருந்த வெப்பத்தகட்டை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். மேற்பரப்பைத் தேய்த்து, புது எழுத்து அச்சடித்திருந்தார்கள். அது 133 மெகாஹெர்ட்ஸ் சிப். 66ஐ இரண்டால் பெருக்கினால் 133, இரண்டரையால் பெருக்கினால் 166. ஜம்பரை ஒரு குத்து மாற்றி வைத்ததும் அன்றிரவிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. மறுவாரம் சந்தைக்குப் போனேன், அந்த மேசை அங்கே இல்லை.

அன்று எனக்கு ஆறுதல் தந்தது பக்கத்து மேசை. அங்கே சைரிக்ஸ் 6எக்ஸ்86 வைத்திருந்தார்கள், பி166+ என்று போட்டிருந்தது. உண்மை வேகம் எவ்வளவு என்று கேட்டேன். 133தான், ஆனால் இன்டெலின் 166 செய்கிற வேலையைச் செய்யும் என்று விற்றவர் ஒளிக்காமல் சொன்னார். எழுதுவது, கணக்குத் தாள், நிரல் தொகுப்பது எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி. ஆனால் தசமக் கணக்கில் அது பலவீனம். 1996இல் குவேக் என்ற விளையாட்டு வந்தபோது பென்டியத்தோடு அதனால் ஓட முடியவில்லை. ஒரே ஒரு விளையாட்டு ஒரு கம்பெனியின் பெயரைக் கெடுத்தது. 1997இல் சைரிக்ஸ் நேஷனல் செமிகண்டக்டரிடம் போனது, 1999இல் வியா என்ற கம்பெனியிடம் போனது, பிறகு மறைந்தே போனது. அதே காலத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் இருந்த சென்டார் என்ற சின்னக் குழுவும் மலிவு விலையில் வின்சிப் என்று இந்தச் சாக்கெட்டுக்கே சிப் செய்தது. நான்கு கடைகள் இருந்த தெரு அது.

தெரு ஏன் மூடியது? 1997 மே மாதம் பென்டியம் 2 வந்தது. அது சாக்கெட்டில் உட்காரவில்லை. ஸ்லாட் 1 என்ற புது வாயில் செருகும் அட்டையாக வந்தது. அந்த வாய்க்கு இன்டெலின் காப்புரிமை இருந்தது. அன்றிலிருந்து பொதுக் குழி போய்விட்டது. ஏஎம்டி 1999இல் அத்லானைத் தனக்கென்று தனி வாயுடன் கொண்டுவந்தது. மென்பொருள் மட்டும் பொதுவாக நின்றது. இன்று ஒருவர் இன்டெலா ஏஎம்டியா என்று கேட்கும்போது சிப்பை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. மதர்போர்டையும் அடுத்த ஐந்தாண்டுக்கான பாதையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இப்போது என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். இரண்டாவது கடையால் பயன் அந்தக் கடையில் வாங்குகிறவருக்கு மட்டுமா? இல்லை. நான் பே ஏரியாவில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு உலகம் நகர வேண்டிய நேரம். இன்டெல் ஹெச்பியுடன் சேர்ந்து ஐட்டானியம் என்று முற்றிலும் புதிய அகராதியுடன் ஒரு சிப்பை 2001இல் வெளியிட்டது. பழைய நிரல்கள் அதில் நொண்டின. வேறு வழியில்லை, எல்லாரும் இதற்கு மாறித்தான் ஆக வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. ஏஎம்டி வேறு வழி கண்டது. பழைய அகராதியை அப்படியே வைத்துக்கொண்டு 64 பிட்டை நீட்டிச் சேர்த்தது. 2003 ஏப்ரலில் ஆப்டெரான் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு சர்வரை வாங்கி, நாங்கள் தினமும் ஓட்டும் வேலையையே அதில் ஓட்டிப் பார்த்தோம். பழையதும் ஓடியது, புதியதும் ஓடியது, மின்கட்டணமும் குறைந்தது. அடுத்த ஆண்டே இன்டெல் அந்த நீட்டிப்பை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் மடிக்கணினியில் இன்டெல் சிப் இருந்தாலும் அது பேசுவது ஏஎம்டி வகுத்த 64 பிட் மொழியைத்தான். டெபியன் லினக்ஸை இன்டெல் கணினியில் நிறுவப் போனாலும் இறக்க வேண்டிய கோப்பின் பெயரில் "ஏஎம்டி64" என்றுதான் இருக்கும். ஏஎம்டி சிப்பை ஒருநாளும் வாங்காதவரும் அதன் உழைப்பில் வாழ்கிறார்.

இரண்டாவது உதாரணம் இன்னும் பக்கத்தில். 2006இல் இன்டெல் கோர் 2 என்ற அருமையான சிப்பைக் கொடுத்தது. ஏஎம்டி பின்தங்கியது. 2011இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் ஏமாற்றியது. எட்டு கோர், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் எட்டுப் பகுதிகள், என்று விளம்பரம் செய்தது சரியா என்று வழக்கு வந்து, 2019இல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தப் பத்தாண்டில் சாதாரண வீட்டுக் கணினிக்கு இன்டெல் கொடுத்த கோர்கள் எத்தனை? நான்கு. 2007இலும் நான்கு, 2017 தொடக்கத்திலும் நான்கு. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தது. எட்டு கோர் 499 டாலர். அப்போது இன்டெலின் எட்டு கோர் ஏறக்குறைய ஆயிரத்து நூறு டாலர். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலின் வீட்டுச் சிப்புக்கு ஆறு கோர் வந்தது, அடுத்த ஆண்டு எட்டு வந்தது. பத்தாண்டில் நடக்காதது இரண்டு ஆண்டுக்குள் நடந்தது. இன்டெல் பொறியாளர்கள் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகிவிடவில்லை. அவர்கள் எப்போதும் கெட்டிக்காரர்கள்தான். பஜார் கடைசியில் இன்னொரு கடை திறந்தது, அவ்வளவுதான்.

ஏஎம்டி முந்தியபோது அதுவும் பெரிய கடையைப் போலவே நடந்துகொண்டது. 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை வந்தபோது விலையை ஐம்பது டாலர் ஏற்றியது. எந்தக் கம்பெனியும் நம் சொந்தக்காரர் இல்லை.

வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேர்வு பறிபோவதும் உண்டு. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் இருக்கும் டெல் 2006 வரை இன்டெல் சிப் மட்டுமே விற்றது. இன்டெல் சிப் மட்டுமே வாங்குவதற்காக இன்டெலிடமிருந்து வந்த பணத்தை முதலீட்டாளரிடம் மறைத்ததாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் டெல் மீது குற்றம் சாட்டியது. 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்த அந்தப் பணம், 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதம் ஆனது என்று ஆணையம் சொன்னது. 2010இல் டெல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 10 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. ஏஎம்டி 2005இல் போட்ட வழக்கு 2009இல் 125 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஆணையம் 2009இல் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023இல் ஒரு பகுதிக்காக மட்டும் 37.6 கோடி யூரோ மீண்டும் விதிக்கப்பட்டது.

சரி, எதை வாங்குவது? போன மாதம் என் அக்கா மகன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூப்பிட்டான். பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். "மாமா, கடைக்காரர் இன்டெல் போடுங்க, ஏஎம்டி சூடாகும்னு சொல்றார். என்ன செய்யட்டும்?" இருபத்தைந்து ஆண்டுகளாக ரிச்சி தெருவில் இந்த வாசகம் ஓய்ந்ததில்லை. அதற்கு அடிப்படை இருந்தது. 2001இல் ஓடிக்கொண்டிருக்கும் அத்லானின் வெப்பத்தகட்டை எடுத்தால் சிப் கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. அந்த வீடியோ உலகமெங்கும் பரவியது. ஆனால் 2004இல் கொதித்தது இன்டெலின் பிரஸ்காட். 2013இல் 220 வாட் தின்றது ஏஎம்டியின் எஃப்எக்ஸ். 2021இல் 241 வாட் வரை போனது இன்டெலின் கோர் ஐ9. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகளில் மின்னழுத்தக் கோளாறு வந்து, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. பழைய பழி ஊரில் நிற்கிறது, சூடு மட்டும் வீடு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கம்பெனியின் பெயரைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டேன். என்ன வேலை செய்யப் போகிறாய்? நிரல் எழுதுவதா, முப்பரிமாண வரைபடமா, வீடியோ வெட்டுவதா? உன் கல்லூரி சொல்லும் மென்பொருள் எது? அதை இரண்டு சிப்பிலும் ஓட்டிப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா? சிப் விலையைத் தனியாகப் பார்க்காதே. மதர்போர்டு, மெமரி, குளிர்விப்பான், மின்சாரம் எல்லாம் சேர்த்துக் கூட்டு. அந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுச் சிப் வரும் என்று பார். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில், மதர்போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால், 2017இல் வாங்கிய பல மதர்போர்டுகளில் 2022இல் வந்த சிப்பைப் போட முடிந்தது. அதே 2017இல் இன்டெல் குழியின் பெயரை மாற்றாமலே புதுச் சிப்புக்குப் புது மதர்போர்டு கேட்டது. மடிக்கணினி என்றால் எண்ணைப் பார்த்து மயங்காதே. ரைசன் 7520யூ என்று 7இல் தொடங்குகிற சிப்புக்குள் இருந்தது 2019இன் வடிவமைப்பு. முதலிடத்துச் சிப்புக்கு அடுத்த படியில் இருப்பதை வாங்கு; மிச்சப் பணத்தில் மெமரி போடு. கடைசியாக ஒன்று சொன்னேன். இரண்டும் சமமாக இருந்தால், சந்தையில் யார் இளைத்திருக்கிறாரோ அவரிடம் வாங்கு. அது தர்மம் செய்வதல்ல. அடுத்த முறை நீ வாங்கப் போகும்போது இரண்டு கடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக.

ஒரு பொது அகராதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது தமிழராகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990களின் கடைசியில் ஒருவர் அனுப்பும் தமிழ் மின்னஞ்சலை இன்னொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். டிஸ்கி என்ற குறியீடு ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பிறந்த டாம், டாப் இன்னொரு பக்கம், கம்பெனிக்கு ஒரு குறியீடு. என் அம்மாவுக்காகத் தம்பி தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம் இங்கே என் திரையில் கிறுக்கலாக வந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. பொதுவாக ஒன்று நின்றால்தான் அதன் மேல் பலர் போட்டியிட முடியும்.

இன்டெலும் ஏஎம்டியும் பகிரும் எக்ஸ்86 என்ற கட்டளை அகராதியின் குறை இங்கேதான் இருக்கிறது. உரிமம் உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சைரிக்ஸைப் போல இன்னொருவர் நாளை புதிதாக நுழைய முடியாது. அதனால்தான் பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த அகராதி எனக்கு நம்பிக்கை தருகிறது. யாரிடமும் அனுமதி வேண்டாம். அந்த அகராதியை வைத்துத்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி வழிநடத்திய குழு சக்தி பிராசசரை வடிவமைத்தது. அவர்களின் ரைஸ்கிரீக் சிப் 2018இல் வார்க்கப்பட்டது அமெரிக்காவில், இன்டெலின் தொழிற்சாலையில். மர்ரே ஹில்லில் கிளம்பிய கதை கிண்டிவரை போயிருக்கிறது.

என் பேச்சு இவ்வளவுதான். முன்வரிசையில் இருக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் யாரும் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். இந்த மதர்போர்டு இன்னும் ஓடுகிறது. நெம்புகோலை நீங்களே தூக்கலாம், மூன்று சிப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். மூலையில் ஒரு புள்ளி இருக்கும், அதைச் சாக்கெட்டின் வெட்டுப்பட்ட மூலைக்கு நேராக வையுங்கள். கம்பிகள் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டு அடித்தளத்தில் பழைய கணினி கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். உள்ளே எந்தச் சிப் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி, அடுத்த சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நான் காலை பத்து மணிக்கு ஸ்க்ரூ டிரைவரோடு அங்கே இருப்பேன்.